சிறுதேரும் பெருவாழ்வும்

வயது முதிர்ந்த ஒருவர் விளையாடுவதைக் காணும்போது நம்மில் பலருக்கும் இனம்புரியாத ஒரு கூச்சம் எழுகிறது. குழந்தை பொம்மை ரயிலை உருட்டினால் மகிழ்ந்து நிற்கிறோம். அதே ரயிலை ஐம்பது வயதுத் தந்தை தரையில் அமர்ந்து உருட்டினால், 'இவருக்கு வேறு வேலை இல்லையா?' என்று கேட்கிறோம். பிள்ளைகளின் விளையாட்டைக் கண்டிக்கும் பெரியவர்கள் தங்கள் சொந்த விளையாட்டுகளுக்கு மட்டும் 'அலுவல்' என்று பெயர் சூட்டிக்கொள்கிறார்கள் எனப் புனித அகுஸ்தீன் தம் வாழ்க்கை வரலாற்றில் குத்திக்காட்டுகிறார். அந்தக் குத்தல் இன்றும் வலுவிழக்கவில்லை.

மாதிரி ரயில்பாதை அமைக்கும் பொழுதுபோக்கை முன்வைத்து இக்கேள்வியைச் சற்று ஆழமாக ஆராயலாம் என்று தோன்றுகிறது. பலகையொன்றின் மேல் தண்டவாளம் பதித்து, நிலையங்களும் பாலங்களும் மரங்களும் அமைத்து, உண்மை ரயிலின் அளவுகளைக் கணக்கிட்டுச் சுருக்கி ஓடவிடுவதே இக்கலை. 1891ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் மார்க்லின் நிறுவனம், ஒன்றோடொன்று பொருந்தும் தண்டவாளங்களுடன் பொம்மை ரயிலைக் காட்சிக்கு வைத்ததிலிருந்து இது உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் புணே நகரில் பி. எஸ். ஜோஷி என்பவரின் பல்லாண்டு ஆர்வம், 1998இல் ஒரு சிற்றுருவ ரயில் அருங்காட்சியகமாகவே மலர்ந்தது. சென்னையில் ஐ.சி.எப். தொழிற்சாலையின் அரவணைப்பில் 2002 முதல் ரயில் அருங்காட்சியகம் ஒன்று இயங்கிவருகிறது. ஆனால் இக்கலையின் உண்மையான இருப்பிடம் வீட்டின் ஒரு மூலைதான். உணவு மேசையிலோ மொட்டைமாடி அறையிலோ கட்டிலுக்கடியிலோ அது பிறந்து வளர்கிறது.

யாரையும் எங்கும் ஏற்றிச் செல்லாத ஒரு ரயிலுக்காக, குடும்பமும் கடமைகளும் உள்ள ஒருவர் பல ஆண்டுகளையும் கணிசமான பணத்தையும் செலவிடலாமா? இதுவே நம்முன் உள்ள கேள்வி.

தமிழ் மரபும் தோமையாரும்

விளையாட்டுத் தேரைத் தமிழ் மரபு ஒருபோதும் இகழ்ந்ததில்லை. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் சிறுவரின் முச்சக்கரச் சிறுதேர் இடம்பெறுகிறது. உலரும் தானியத்தைக் காக்கும் பெண் கோழியை விரட்ட எறிந்த காதணி, அத்தேரின் வழியை மறிப்பதாகப் புலவர் காட்டுகிறார். பிள்ளைத்தமிழில் ஆண்பாற் பருவங்களின் நிறைவாகச் சிறுதேர் உருட்டல் வைக்கப்பட்டுள்ளது. குறுந்தொகையின் 61ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. தச்சன் செய்து தந்த சிறுவண்டியில் ஏறிப் பயணம் செய்ய இயலாவிட்டாலும், கையால் இழுப்பதிலேயே பிள்ளைகள் இன்பம் கொள்வதை அது உவமையாக்குகிறது. பயணம் செய்ய முடியாத வண்டி பயனற்ற வண்டியன்று என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் கண்டிருந்தனர்.

திருச்சபையின் சிந்தனை மரபும் இதற்கு மாறானதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித அக்குவினா தோமையார், விளையாட்டில் நற்பண்பு இருக்க முடியுமா என்று வெளிப்படையாகவே கேட்டு, முடியும் என்று விடை தருகிறார். அங்கே அவர் ஒரு பழங்கதையையும் எடுத்தாளுகிறார். புனித யோவான் தம் சீடரோடு விளையாடுவதைக் கண்டு சிலர் முகம் சுளித்தனராம். யோவான் அவர்களுள் வில்லேந்திய ஒருவரை அழைத்து அம்பெய்யச் சொன்னார்; மீண்டும் மீண்டும் எய்யச் சொன்னார்; இடைவிடாமல் இவ்வாறு எய்ய முடியுமா என்று கேட்டார். முடியாது, வில் முறிந்துவிடும் என்றார் அவர். ஓய்வின்றி இழுக்கப்படும் மனமும் அவ்வாறே முறியும் என்றார் யோவான். விளையாட்டுக்கு மூன்று எல்லைகளையும் தோமையார் வரையறுக்கிறார். அது தகாததாகவோ பிறருக்குத் தீங்கு தருவதாகவோ இருக்கலாகாது. மனத்தின் நிதானத்தை முற்றிலும் இழக்கச் செய்யலாகாது. ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்தியிருக்க வேண்டும். இவற்றோடு நின்றுவிடாமல், தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாக இருப்பதே ஒரு குறைதான் என்றும் சொல்லிவைக்கிறார்.

ஆகவே விளையாடுவதற்காக யாரும் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் சில எஞ்சின்களின் விலை, நடுத்தரக் குடும்பத்தின் ஒரு மாத மளிகைச் செலவைத் தாண்டும் என்பது மெய்தான். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நிலுவையில் நிற்கும்போது எஞ்சின் வாங்குவது தவறு என்பதைச் சொல்லத் தத்துவம் தேவையில்லை. அதே வேளையில் அட்டையும் பசையும் தீக்குச்சியும், சாயம் ஏற்றிய மரத்தூளும் கொண்டே அழகிய நிலையத்தை எழுப்பிவிடலாம். பணமும் நேரமும் அளவில் அடங்குபவை. கடினமான கேள்வி வேறொன்று: இந்தச் சிற்றுலகைப் படைக்கும்போது படைப்பவரின் உள்ளம் என்னவாகிறது?

தாம்பரத்தைச் சுருக்கினால்

தாம்பரத்தை அடுத்த சேலையூரிலோ சிட்லபாக்கத்திலோ வாழும் ஒருவர், தாம் அன்றாடம் பயணம் செய்யும் கடற்கரை - தாம்பரம் தடத்தையே மாதிரியாக அமைக்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உலகில் பெரிதும் வழங்கும் ஹெச்.ஓ. அளவு என்பது உண்மையில் 87இல் ஒரு பங்கு. அவ்வளவில் 165 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் இரண்டு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகிவிடுவார். சுமார் 250 மீட்டர் நீளமுள்ள பன்னிரண்டு பெட்டி மின்ரயில், ஏறத்தாழ 2.9 மீட்டராகும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் அந்த ஒரு ரயிலே சுவரோடு சுவர் முட்டிவிடும். சுமார் 29 கிலோமீட்டர் தடத்தை முழுமையாக அமைக்க வேண்டுமெனில் 333 மீட்டர் இடம் வேண்டும். ஒரு தெருவே போதாது.

எனவே அவர் சுருக்கியதை மேலும் சுருக்க வேண்டியவராகிறார். வளைவுகளை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டின் அகல ரயில்பாதையில் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் ஏறத்தாழ 175 மீட்டர். அதை முறைப்படி சுருக்கினால் இரண்டு மீட்டர் ஆரம். ரயில் ஒரு சுற்று சுற்றிவரவே நான்கு மீட்டர் அகலமுள்ள கூடம் வேண்டும். கடையில் கிடைக்கும் சிறு வளைவின் ஆரமோ 36 சென்டிமீட்டர்தான். தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள அகலமும் அவ்வாறே. நம் அகலப் பாதையின் 1676 மில்லிமீட்டர், அந்த அளவில் 19.3 மில்லிமீட்டராக வேண்டும். ஐரோப்பியப் பாதைக்கென உருவான ஹெச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டரே. நம் ரயிலை அதன்மேல் ஓட்டுபவர் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இத்தகைய பொய்களால் யாருக்கும் கேடில்லை. சிறிதாக்கும் எந்தக் கலையும் சிலவற்றை விட்டே தீரவேண்டும். ஆனால் எதை விடுகிறோம், ஏன் விடுகிறோம் என்று கேட்கும் இடத்தில் அறம் நுழைகிறது.

இத்தடத்தில் அழகு காட்டும் இடங்களுக்குக் குறைவில்லை. பரங்கிமலையை அமைப்பது எளிது. தெர்மோகோலை அடுக்கிச் செதுக்கி, உச்சியில் ஒரு சிறு ஆலயத்தை வைத்தால் பார்ப்போர் மகிழ்வர். 1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் மரச்செறிவும் கண்ணுக்கு இனியது. ஆனால் இதே தடத்தில் தாம்பரம் சானடோரியம் என்றொரு நிலையமும் உண்டு. 1928இல் மருத்துவர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக நிறுவிய மருத்துவமனையால் அந்நிலையத்திற்கு அப்பெயர் வாய்த்தது. ஊரார் அஞ்சி ஒதுக்கிய நோயாளிகள் அங்கு வந்து இறங்கினார்கள், பின்னாளில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் அம்மருத்துவமனையே அடைக்கலமாயிற்று. குரோம்பேட்டை என்னும் பெயர் குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. தோலின் நாற்றத்தில் உழைத்தவர்களால் வந்த பெயர் என்றும் அதைச் சொல்லலாம். தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகள், பூ விற்கும் பெண்கள், மேம்பாலம் ஏறச் சோம்பியோ ஏற இயலாமலோ தண்டவாளத்தைக் கடந்து உயிரிழந்தோர் ஆகிய இவர்கள் எல்லோரையும் கொண்டதுதான் அந்தத் தடம்.

மாதிரி அமைப்பவரின் பலகையில் இவர்களுக்கு இடமுண்டா? பெரும்பாலும் இல்லை. அங்கே எல்லா ரயில்களும் கழுவிய நிலையில் இருக்கின்றன, நடைமேடையில் எச்சில் இல்லை, யாரும் படிக்கட்டில் தொங்குவதில்லை, யாருக்கும் நோயில்லை. ஒருவேளை அவர் குடிசையையும் வைக்கிறார், இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பிச்சைக்காரரையும் வண்ணம் தீட்டி நிறுத்துகிறார் என்று கொள்வோம். அது அம்மனிதர்பால் காட்டும் கவனமா, அல்லது காட்சிக்குச் சுவை கூட்டும் அலங்காரமா? வறுமையை மறைப்பது ஒரு வகைப் பொய் என்றால், அதை அழகுப் பொருளாக்குவது இன்னொரு வகைக் கொடுமை. பொம்மையைப் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. அதை நிறுத்தியவர் மறுநாள் காலை உண்மையான நடைமேடையில் அந்த மனிதரைக் கடக்கும்போது என்ன செய்கிறார் என்பதைப் பார்த்தே தீர்மானிக்க முடியும்.

ஆள்வதா, கவனிப்பதா?

மாதிரி ரயிலின் தண்டவாளத்தில் பன்னிரண்டு வோல்ட் மின்சாரம் பாய்கிறது. ஒரு குமிழைத் திருப்பினால் ரயில் புறப்படுகிறது; மறுபக்கம் திருப்பினால் நிற்கிறது. நாள் முழுதும் மேலதிகாரியின் ஆணைக்கும், நெரிசலுக்கும், விலைவாசிக்கும் அடங்கி நடந்த மனிதருக்குத் தம் சொல்லுக்கு அடங்கும் ஓர் உலகம் அங்கே கிடைக்கிறது. இதை நாம் ஏளனம் செய்யலாகாது. களைத்த மனிதருக்கு இது ஆறுதல்தான். ஆனால் அடங்கி நடக்கும் உலகம் மெல்ல மெல்ல நம்மைப் பழக்கிவிடுகிறது. 'தொடாதே' என்னும் சொல் அந்த அறையில் அடிக்கடி ஒலிக்கத் தொடங்குகிறது. மனைவி அழைக்கும் குரல் இடைஞ்சலாகத் தோன்றுகிறது. தந்தையின் ரயிலைக் காண ஆவலோடு வந்த பிள்ளை, அதன் எதிரியாகவே கருதப்பட்டு வெளியே அனுப்பப்படுகிறான்.

இங்கே இங்கிலாந்தின் பீட்டர் டென்னி என்பவரை நினைவுகூரலாம். ஆங்கிலிக்கன் சபைக் குருவான அவர், 1940களில் தொடங்கி வாழ்நாளின் பெரும்பகுதியில் பக்கிங்காம் என்னும் மாதிரி ரயில்பாதையை உருவாக்கி வந்தார், 2009இல் காலமானார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தை அப்படியே காட்டும் அப்பாதை, இத்துறையினரிடையே பெரும் மதிப்புப் பெற்றது. ரயில்கள் நிலையத்துக்கு நிலையம் கால அட்டவணைப்படி ஓடின. ஒரு முனையில் அவர் நின்றால், மறுமுனையில் ஒருவர் நின்று ரயிலை ஏற்க வேண்டும். அப்பணியை அவருடைய மகன் கிரிஸ்பின் செய்துவந்தான். பின்னர் மகனுக்குப் பதிலாக அவ்வேலையைச் செய்ய அவர் ஓர் இயந்திரத்தைப் படைத்தார். அதற்கு 'தானியங்கி கிரிஸ்பின்' என்றே பெயரிட்டார்.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போது ஒருபுறம் புன்னகை வருகிறது. மறுபுறம் மனம் நெகிழ்கிறது. பிள்ளைகள் வளர்ந்து தம் வழியே செல்வது இயல்பு. அந்த வெற்றிடத்தைத் தம் கைத்திறனால் நிரப்ப முயன்ற தந்தையின் அன்பு, அந்தப் பெயரிலேயே தெரிகிறது. ஆனால் இயந்திரம் எத்துணை நுட்பமாக இயங்கினாலும், மகன் நின்ற இடம் மகன் நின்ற இடமே. தனிமையில் மூழ்கியவரின் பாதைக்கு இத்தகைய பெயர் தேவைப்பட்டிருக்காது. மறுமுனையில் ஒருவர் நின்றிருந்தார் என்பதற்கே அப்பெயர் சான்று.

இச்செய்தி நம்மை ஒரு முக்கியமான உண்மைக்கு அழைத்துச் செல்கிறது. ரயில் இயக்கத்தின் அடிப்படை விதி ஒன்றுண்டு. நிலைய அதிகாரி தாம் விரும்பிய நேரத்தில் ரயிலை அடுத்த நிலையத்திற்கு அனுப்பிவிட முடியாது. அடுத்த நிலையத்தில் இருப்பவர், பாதை காலியாக உள்ளதென உறுதி செய்து 'லைன் கிளியர்' தரவேண்டும். ஒற்றைத் தடங்களில் அந்த இசைவின் அடையாளமாக, ஓட்டுநர் கையில் டோக்கன் தரப்படும். பிரம்பு வளையத்தில் கோத்த டோக்கனை நிலைய ஊழியர் நீட்ட, ஓடும் எஞ்சினிலிருந்து ஓட்டுநர் எட்டிப் பற்றும் காட்சியை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். புறநகர்த் தடங்களில் தானியங்கிச் சமிக்ஞைகள் வந்துவிட்டன. எனினும் முன்னே செல்பவருக்கு இடம்விட்டே பின்னே வருபவர் நகரவேண்டும் என்ற கருத்து மாறவில்லை. கண்ணுக்குத் தெரியாத மற்றொருவரின் இசைவின்றி ஒரு சக்கரமும் உருளக்கூடாது என்பதே ரயிலின் ஒழுக்கம்.

ஆகவே மாதிரி ரயில் அமைப்பவர் ஆணவத்தில் வீழாதிருக்க, அப்பொழுதுபோக்கைக் கைவிட வேண்டுவதில்லை. அதில் இன்னும் உண்மையாக இருந்தாலே போதும். எஞ்சினின் நிறத்தையும் பெட்டியின் நீளத்தையும் மட்டுமே பின்பற்றுபவர் ரயிலின் உடலை மட்டும் பின்பற்றுகிறார். மறுமுனையில் மகனையோ மகளையோ, பக்கத்து வீட்டுச் சிறுவனையோ, ஓய்வுபெற்ற கார்டு ஒருவரையோ நிறுத்தி, அவர் இசைவுக்காகக் காத்திருந்து ரயிலை அனுப்புபவர் அதன் உயிரையும் பின்பற்றுகிறார். காத்திருக்கக் கற்றுத்தரும் விளையாட்டு வீணான விளையாட்டாகாது.

குடிலைப் போல

நம் இல்லங்களில் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. அதுதான் கிறிஸ்துமஸ் குடில். 1223இல் கிரேச்சோ என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் கிறிஸ்து பிறப்பைக் காட்சியாக அமைத்ததிலிருந்து வளர்ந்த மரபு அது. பழுப்புத் தாளைக் கசக்கி மலையாக்குகிறோம். வைக்கோலும் மணலும் பரப்புகிறோம். நெல்லை முளைக்கவிட்டு வயலாக்குகிறோம். சில வீடுகளில் மலையைச் சுற்றி ஒரு பொம்மை ரயிலும் ஓடுகிறது. அண்டை வீட்டு இந்துச் சகோதரர்களின் நவராத்திரிக் கொலுவிலும் பூங்காவும் குளமும் ரயிலும் உண்டு. பெத்லகேமில் ரயில் ஏது என்று எந்தப் பங்குத்தந்தையும் கேட்பதில்லை. ஏனெனில் குடிலில் உள்ள எல்லாச் சிறு பொருள்களும் ஒரு மையத்தை நோக்கியிருக்கின்றன. அந்த மையம் குடிலை அமைத்தவர் அல்லர். குடிலின் கலைநயத்தைக் காணவரும் அயலார், அதன் முன்னே குனிந்துதான் பார்க்கிறார்கள்.

இக்கலையில் தேர்ந்தவர்கள் பலரும் தம் பலகையை இடுப்புக்குக் கீழே வைப்பதில்லை. மார்பளவு உயர்த்தி வைக்கிறார்கள். தாழ்ந்த பலகையை மேலிருந்து பார்ப்பவருக்கு எல்லாமே பொம்மையாகத் தெரியும். கண்ணைத் தண்டவாளத்தின் மட்டத்திற்குக் கொண்டுவந்தால், நடைமேடையில் நிற்கும் சிறு மனிதரின் பார்வையிலிருந்து வரும் ரயிலைக் காணலாம். அப்போது ரயில் பெரிதாகிறது, பார்ப்பவர் சிறியவராகிறார். சிறியதைப் படைத்தவர் தாமும் சிறியவராகி அதற்குள் நுழைவது, நம் நம்பிக்கைக்கு அந்நியமான கருத்தன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1931இல் தொடங்கிய கடற்கரை - தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயில், 2004இல் தன் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. மாம்பலத்திலும் பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் குடியேறிய எத்தனையோ குடும்பங்களின் வாழ்வை அந்த ஒரு மீட்டர் அகலப் பாதைதான் சுமந்தது. அதை மீண்டும் கொண்டுவர யாராலும் இயலாது. ஆனால் பழைய படங்களைத் தேடி, மூத்தோரிடம் கேட்டு, சன்னல் கம்பி எத்தனை, கதவு எப்படித் திறந்தது என்று விசாரித்து ஒருவர் அதைச் சிற்றுருவில் வடிக்கும்போது, மறக்கப்பட இருந்த பலரின் நினைவு பேச்சாகிறது. நல்ல மாதிரியை ஒருவரால் தனியே செய்ய முடியாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. கேட்பதற்குப் பணிவு வேண்டும். சொல்வதற்கு ஒருவர் வேண்டும்.

எனவே இப்பொழுதுபோக்கு நல்லதா, கெட்டதா என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிப்பது பொருந்தாது. ஒரு சோதனையை மட்டும் முன்வைக்கலாம். இரவில் குமிழை அணைத்துவிட்டு உறங்கிய மனிதர், மறுநாள் காலை தாம்பரம் நிலையத்தில் நிற்கிறார். முன்பு காணாத எதையேனும் இப்போது காண்கிறாரா? தண்டவாளத்தை வெயிலில் பராமரிக்கும் தொழிலாளி, சானடோரியத்தில் மெல்ல இறங்கும் நோயாளி, கூட்டத்தில் இடம் கேட்டு நிற்கும் முதியவள் ஆகியோர் அவர் கண்ணில் படுகிறார்களா? படுகிறார்கள் என்றால், பலகையின்மேல் அவர் செலவிட்ட மணிகள் வீணாகவில்லை. அவர்கள் கண்ணில் படவில்லை என்றாலோ, இந்த நெரிசல் தம் வீட்டுப் பலகையில் இல்லையே என்று மட்டுமே அவர் மகிழ்கிறார் என்றாலோ, அவர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அன்று மாலை வீடு திரும்பியதும் தம் பிள்ளையை அழைத்து, மறுமுனையில் நிறுத்தி, அவன் 'லைன் கிளியர்' தரும்வரை காத்திருக்கலாம். சிந்தனையை அங்கிருந்து தொடங்குவது நன்று.